பாலத்தடி யாவாரம்

கிரான் பாலத்துக்கு மேலால தண்ணி பாஞ்ச அண்டைக்கு
நாலு கிலோ கச்சான் வறுத்துக் கொண்டு போனன்.
மூண்டு மணிக்கு முதல் சட்டி காலி.

வெள்ளம் பாக்க வந்த சனம்.
செங்கலடி, களுவாஞ்சிக்குடி, டவுன் பக்கம்,
குடையும் போனுமா,
புள்ளைகளைத் தோள்ல ஏத்திக் கொண்டு.
தண்ணிக்கு முன்னால நிண்டா
மனுசருக்கு வாய் சும்மா இருக்காது போல.
ஒரு சுருள் அம்பது எண்டன்,
அடுத்த நாள் எழுபது,
மூண்டாம் நாள் நூறு.
ஒருத்தரும் ஏன் எண்டு கேக்கல்ல.

அங்கால கரையில
புலிபாய்ந்தகல் பால் கேனெல்லாம் வரிசையா நிண்டது.
கேனுக்குப் பக்கத்தில ஆக்கள் குந்தி இருந்தாங்க.
இஞ்ச நிண்டு பாத்தா
ஆளும் கேனும் ஒரே அளவு.
தோணிக்காரன் ஆளுக்கு இருநூறு, கேனுக்கு ஐநூறு எண்டான்.
பத்து மணி வரைக்கும் பொறுத்தாங்க.
மறுகா ஒவ்வொருத்தரா மூடியத் திறந்து
வெள்ளத்திலயே சரிச்சாங்க.
கொஞ்ச நேரம் வெள்ளையா ஒரு கோடு,
பிறகு அதுவும் மண் நிறம்.

அண்டைக்குத்தான் சந்தியில
தயிர்ச்சட்டி ஆயிரத்தைத் தாண்டினது.
ஏறாவூர் நிஸ்தாருட லொறி
மன்னம்பிட்டிக்கு அங்கால மறிபட்டுக் கிடக்க,
தக்காளி வாங்கப் போனவள் புளியோட திரும்பினாள்.
மெழுகுதிரி இல்ல. முட்டை இல்ல.
என்ட கச்சான் மட்டும் இருந்தது.

ஒன்பது நாள்.
மாமாங்கத் தீர்த்தத்திலயும் நான் இப்பிடி வித்ததில்ல.
லோன் எடுக்க வார டிலக்சன்
படலையில பெல் அடிக்க,
ஒளிக்காம நான் வெளியில வந்த
முதல் செவ்வாய்க்கிழமை அது.
மூண்டு கிழமைக் காச ஒண்டாக் குடுத்தன்.
எண்ணிப்போட்டு என்னைப் பாத்தான்.
"என்னக்கா, வெள்ளமா?"
"ஓம்" எண்டன்.
வேற என்ன சொல்ல.

இரவில படுக்கக்குள்ள
தகரத்தில மழை மெலியிற சத்தம் கேக்கும்.
மெலியக் கூடாது எண்டு நான் வேண்டல்ல.
மெலியட்டும் எண்டும் வேண்டல்ல.

பத்தாம் நாள் பாலம் முதுகைக் காட்டினது.
சனம் வீட்ட போச்சு.
நானும் சட்டியும்,
ஈரத்தில ஊறின பழைய பேப்பர்ச் சுருளும்.

அதுக்கு அடுத்த நாள்
பூபாலபிள்ளை அண்ணன் சைக்கிளை உருட்டிக் கொண்டு வந்தார்.
செயினில வைக்கல் சிக்கிக் கிடந்தது.
ஆவணியில கிலோ நானூறுக்கு
எனக்குக் கச்சான் தந்தவர் அவர்தான்.
நான் வித்த ஒவ்வொரு சுருளும்
அவருட மேட்டுக்காணியில விளைஞ்சது.
வெள்ளம் பாத்த சனம்
உடைச்சு எறிஞ்ச தோலெல்லாம்
அவருட தோல்.

"வேரோட அழுகிப்போச்சு புள்ள.
திரும்பப் போட விதை இல்ல.
வாழைச்சேனையில கிலோ தொள்ளாயிரம் எண்டுறான்.
உன்னட்ட வறுக்காதது கிடக்கா?"

கிடந்தது. ஒண்டரைச் சாக்கு,
எலிக்குப் பயந்து வாங்குக்கு மேல.

"விலையச் சொல்லு."

நானூறு எண்டா நான் மடைச்சி.
தொள்ளாயிரம் எண்டா நான் தோணிக்காரன்.
வார செவ்வாய்க்கிழமைக்கு
இனி வெள்ளமும் இல்ல.

அவர் சாக்குக்குள்ள கையை விட்டு
ஒண்டை உடைச்சு,
பருப்பை நகத்தால கீறிப் பாத்து,
தெரிஞ்ச ஆளைக் கண்ட மாதிரிச் சிரிச்சார்.

அறுநூறு எண்டன்.

ஒண்டும் சொல்லாம
சட்டைப் பைக்குள்ள இருந்து
நனைஞ்சு காய்ஞ்ச தாள்களை எடுத்தார்.
நான் தராசைத் தூக்கினன்.
முள் நடுவுக்கு வந்த பிறகும்
ரெண்டு கை அள்ளிப் போட்டு
அவர் பக்கம் சரிய விட்டன்,

அந்த ரெண்டு கையும்
எத்தின சுருள் வரும் எண்டு
மனசுக்குள்ள எண்ணிக் கொண்டு.