வில்லங்கம்

இசாஃபியோர்துருக்கு மேலே, மலைச்சரிவில்,
பனியின் உயரத்தை அளக்கும் கம்பங்கள்
நிமிடத்துக்கு ஓர் எண் அனுப்புகின்றன.
வாங்கி வைக்க இடமில்லை.
பழைய வட்டு சாயங்காலமே செத்துவிட்டது,
தொண்டையைக் கனைத்துக்கொள்பவன் போல
நாலு தடவை சொடுக்கிவிட்டு.

புயல் ஓயும்வரை விமானம் இல்லை.
ஸ்குலி தன் மேசை இழுப்பறையைக் கிளறி
இதை எடுத்துக் கொடுத்தான்.
"காலிதான்" என்றான்.

காலி மனை என்பவனை
எந்த ஊரிலும் நம்பக் கூடாது.

அளவுக்கல் நட்டேன்.
வாசலுக்கு இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு செக்டர் விட்டு
பெரிய பாகம் எண்களுக்கு,
ஓரமாக ஒரு சின்ன பாகம்
பிழைகளை எழுதி வைக்க.
'எழுது' என்றேன்.
எழுதியாயிற்று, ஆனால்
கெர்னல் பழைய வரைபடத்தையே வைத்திருக்கிறது
என்றது திரை.
போகட்டும், கோப்பு முறைமையைப் போடு என்றால்
'வட்டு உபயோகத்தில் இருக்கிறது.'

யாருடைய உபயோகத்தில்?

கேபிளை மாற்றினேன். வேறு துளையில் செருகினேன்.
கணினியை அணைத்து, பத்து எண்ணி, எழுப்பினேன்.
உபயோகத்தில் இருக்கிறது.

இரவு மூன்று மணிக்குத்தான் தோன்றியது,
எல்லா வட்டுகளையும் வரிசையில் நிறுத்திப் பேர் கேட்க.
என்னுடையதன் கீழே
நான் வைக்காத ஒரு பேர்.
இது தனி வட்டே இல்லை;
ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் எழுதும்
ஜோடியில் ஒன்று.
மின்சாரம் வந்ததும் தானாக எழுந்து,
துணையைத் தேடி, காணாமல்,
பாதி ஆளாகவே வேலைக்கு நின்றுவிட்டது.
அதன் முதுகில்தான்
இவ்வளவு நேரம் கல் நட்டுக்கொண்டிருந்தேன்.

ஸ்குலியை எழுப்பினேன். தூக்கத்தில் சொன்னான்:
"ஹாஃப்தீஸ் படகுடையது.
பரோயே தீவுக்காரனுக்கு விற்றபோது
சுக்கான் அறையிலிருந்து ஒன்றைக் கழற்றினேன்.
மற்றது இன்னும் அங்கே ஓடிக்கொண்டிருக்கும்."
விற்பதற்கு முன்பா, பின்பா என்று நான் கேட்கவில்லை.

நான் மிதித்தது முதல் ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட்டைத்தான்.
உள்ளே எல்லாம் அப்படியே இருந்தது.
படிக்க மட்டும் என்று திறந்தேன்.
காட் மீன் எத்தனை டன், எந்த வலை, கடலின் சூடு,
காட், காட், ஹாடக், ஒரு நாள் எதுவுமில்லை.
கடைசி வரி:
'காபி தீர்ந்துவிட்டது. திரும்புகிறோம்.'

மூடினேன்.
நில் என்றேன், ஜோடி நின்றது.
வட்டின் வால்பக்கத்தில்
'நான் பாதி' என்று எழுதியிருந்த சில கிலோபைட்டைப்
பூஜ்ஜியமாக்கினேன்.
மறுபடி கல், மறுபடி பாகம்.
இந்த முறை ஆட்சேபணை இல்லை.

நாற்பது வினாடி.
புதிய கோப்பு முறைமை பிறந்ததும்
முதல் வேலையாக, ஒரு கோப்பு வருவதற்கு முன்பே,
தான் கெட்டுப்போனால் எங்கே தேட வேண்டும் என்று
நகல்களின் இருப்பிடத்தை ஒப்பித்தது:
முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தெட்டு,
தொண்ணூற்றெட்டாயிரத்து முந்நூற்று நாலு,
இன்னும், இன்னும்.
தாளில் குறித்துக்கொண்டேன்.

பேர் கேட்டது. பதினாறு எழுத்துக்கு மிகாமல்.
காபி என்று வைத்தேன்.

நாலு பத்து.
சாயங்காலத்திலிருந்து பெய்ததற்குக் கணக்கில்லை.
ஏழாவது கம்பத்திலிருந்து முதல் எண் இறங்கியது:
இருநூற்றுப் பதினான்கு சென்டிமீட்டர்.
காத்திருந்தேன்.
அடுத்த நிமிடமும்
அதே எண்.