ஒன்று, ஒன்று, எழுபது

பாம்பன் ஐஸ் கம்பெனி மாடியில்
உப்பேறிய கறுப்புப் பெட்டி.
உள்ளே இரண்டு டிஸ்க்.
ஒன்று செத்து நாளாயிற்று,
மற்றது பல்லைக் கடித்துக்கொண்டு தூங்குகிறது.

புது லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவில்லை.
பழைய நெறிமுறையாம், பாதுகாப்பில்லையாம்.
ஒரே மேசை, ஒரே வயர்,
நடுவில் பாக் நீரிணை.

"கணக்கு இன்னைக்கே வேணும் சார்"
என்கிறாள் பிரஸில்லா.
கச்சான் காற்று ஜன்னலை ஆட்டுகிறது.

அணைத்துவைத்திருந்த பழைய பேச்சை
அமைப்புகளுக்குள் தேடிப் பிடித்து
ஒரு டிக் போட்டேன்.
கடவுச்சொல் கேட்டது.
அட்மின் இல்லை. கம்பெனி பெயரும் இல்லை.
பெட்டியின் அடியில், துருவுக்குள்,
யாரோ ஆணியால் கீறியிருந்தார்கள்:
விளைமீன்12.

திறந்தது.

உள்கடிகாரத்தின் பேட்டரி எப்போதோ தீர்ந்திருக்கிறது.
கரண்ட் போய் வரும்போதெல்லாம்
முதல் நாளுக்கே திரும்பியிருக்கிறது பெட்டி.
முந்நூற்றுப் பன்னிரண்டு கோப்பு.
எல்லாவற்றிலும்
எழுபதாம் வருஷம், ஜனவரி ஒன்று,
விடிகாலை ஐந்தரை.
அத்தனை விசைப்படகும்
ஒரே விடியலில் ஐஸ் ஏற்றிக்கொண்டு போயிருக்கின்றன.
எது கரை சேர்ந்தது என்று
தேதியை வைத்துச் சொல்ல முடியாது.

உருட்டிக்கொண்டே போன என் கையை
"நில்லுங்க" என்று நிறுத்தினாள்.
ரொசாரியோ. நாற்பது பார். பாக்கி.

தேதியெல்லாம் சரிபண்ணித் தரவா என்றேன்.
"மத்ததுக்குப் பண்ணுங்க.
இது அப்படியே இருக்கட்டும்."

நான்கு மணி நேரம் மீதம் என்றது திரை,
பிறகு ஒன்பது,
பிறகு இரண்டே நிமிடம்.

பஸ் தங்கச்சிமடம் தாண்டும்போதுதான் நினைவு வந்தது,
அந்த டிக்கை எடுக்கவில்லை.