நாலு மில்லிமீட்டர்

இப்ரி சனையா, மூன்றாம் தெரு.
லைசென்ஸ் சட்டத்துக்குக் கீழே
பச்சை ரப்பர் விரிப்பில் மூன்று ஆக்‌ஷன்கள்.
குழல் இல்லை, கட்டை இல்லை,
ஓடு கழற்றிய நண்டுகள் மாதிரி.

முஹன்னாவின் ரவைக்கு இன்னும் பெயரில்லை.
பெரிய கூட்டின் கழுத்தை ஒடுக்கிச்
சின்னக் குண்டைச் செருகிய கலப்பினம்.
ஆயிரம் மீட்டருக்கு அப்பால்
தொங்கும் இரும்புத் தட்டு
எந்தக் காற்றிலும் கிண்ணென்று சொல்ல வேண்டும்.
அதற்காக ஒரு வருஷமாகக் கணக்குப் போட்டிருக்கிறார்,
எல்லாம் பெட்ரோல் ரசீதுகளின் முதுகில்.

முதலாவது பழைய ஜெர்மன் எஃகு.
நீள நகத்தால் காலிக் கூட்டைப்
பிடித்த பிடி விடாமல் இழுத்து வரும்.
ஆனால் யாரோ அதற்கு முன்பே நெருப்புக் காட்டியிருக்கிறார்கள்.
பின்வளைவில் நீலம் பாரித்திருக்கிறது.
இவர் கேட்கும் அழுத்தத்துக்கு
அதன்மேல் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

இரண்டாவது புதுசு. மூன்று முட்டு.
கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கினாலே திறந்துகொள்கிறது.
நீளம் சரி, போல்ட் முகம் சரி.
டயல் கேஜின் முள் அசைய மறுக்கிறது.
விலை, என் பதினோரு மாதச் சம்பளம்.
"இதுதான்" என்றேன்.
இதைச் சொல்ல ஐந்து நிமிஷம் போதும்;
நாற்பது நிமிஷமாகப் பேசிக்கொண்டிருந்தோம்.

மூன்றாவதை அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்தார்,
கைக்குட்டையோடு.
தம்பி ஹமூதுடையது.
ஹைமா சாலையில் ஒட்டகம் குறுக்கே வந்த இரவு
வண்டியில் மிஞ்சியது இது ஒன்றுதான்.
குழல் வளைந்திருந்தது, கட்டை பிளந்திருந்தது,
இதில் ஒரு கீறல்கூட இல்லை.

வெர்னியரை வைத்தேன்.
நாலு மில்லிமீட்டர் குட்டை.

"மேகஸின் வேண்டாம். ஒவ்வொன்றாய்க் கையால் போட்டால்?"
போகும், யா முஹன்னா.
சுட்டால் காலிக் கூடு வெளியே வந்துவிடும்.
சுடாமல் மனசு மாறினால்தான் சிக்கல்.
உள்ளே போனது திரும்பி வர இடமிருக்காது.

"முகத்தையாவது கடைந்து அகலமாக்கு, ஆரோக்."
என் முழுப்பெயர் ஆரோக்கியம்;
ஒன்பது வருஷத்தில் அவருக்குப் பாதிதான் வந்திருக்கிறது.
கடையலாம்.
விளிம்பு தீப்பெட்டி அட்டைக்கு மெலியும்.
அந்த அட்டைக்குப் பின்னால் இருப்பது உங்கள் கண்.

அவர் ஒன்றும் பேசவில்லை.
பேப்பர் கப்பில் கரக் டீ ஆடை கட்டியது.

சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி என்பது
இந்த ஒரு சாண் எஃகுதான்.
குழலை மாற்றலாம், கட்டையை மாற்றலாம்,
எண் இதன் விலாவில் இருக்கிறது.
இதை ஒதுக்கினால்
ஹமூதின் துப்பாக்கி என்று ஒன்று இல்லை.
இது எனக்கும் தெரியும்.
என் பத்தாக்காவில் வேலை என்ற இடத்தில்
தண்ணீர் பம்ப் மெக்கானிக் என்று இருக்கிறது,
ஆனாலும் தெரியும்.

முதலில் ரவை, பிறகு ஆக்‌ஷன்.
வருகிற எல்லாரிடமும் நான் ஓதும் பாடம் இது.
இதுவரை ஒரு ரவைகூடச் சுடாதவன் ஓதுவது.

முஹன்னா ரசீதைத் திருப்பினார்.
வரைந்திருந்த கூட்டின் தோளில்
பேனாவால் குறுக்கே ஒரு கோடு.
இடுப்பையும் ஒல்லியாக்கினார்.
"ரவை குட்டையாகட்டும். இப்போது?"

கணக்குப் போட்டேன்.
அந்தத் தூரத்தில், குறுக்குக் காற்றில்,
இன்னும் ஒரு சாண் தள்ளும்.
"தள்ளட்டும்" என்றார்.
ஒரு வருஷக் கணக்கை மடித்து
டீ கப்புக்கு அடியில் வைத்தார்.

ஜாப் கார்டில் கேலிபர் என்ற கட்டம் காலி.
எண்ணை எழுத ஏழா ஒன்றா என்று தெரியாமல்
லென்ஸை வைத்துப் பார்த்தேன். ஏழு.
கட்டை வேலை செய்யும் குல்ஸமான் எட்டிப் பார்த்து
வால்நட்டா ஃபைபரா என்றான்.
அதற்கு இன்னும் இருவரும் வரவில்லை.

அவர் போன பிறகு
இரண்டாவதை எண்ணெய்த் துணியில் சுற்றும் முன்
ஒருமுறை திறந்து மூடினேன்.
பிறகு இன்னொரு முறை.