தகரத்தில் மூன்று தடவை

லியோன் நகரத் தந்தி நிலையம்.
சோன் ஆற்றுப் பனிமூட்டம் கதவிடுக்கில் நுழைந்து
மின்கல ஜாடிகளின் புளித்த வாடையோடு
கலந்துவிட்ட ஜனவரிக் காலை.

மதாம் வெர்னியோல் கையுறையைக் கழற்றினார்.
தகரத் தாளை நீட்டினேன்.
"இந்த மையில்தான் எழுத வேண்டும், மதாம்.
மின்சாரத்தை மறிக்கும் மை."
"மறிப்பதற்கா காசு வாங்குகிறீர்கள்?" என்றார்.
கேள்வி நியாயம்தான்.

ஆளுயர ஊசல் ஆடத் தொடங்கியது.
இரும்பு முனை தகரத்தை
மயிரிழை மயிரிழையாக உழுதுகொண்டு போனது.
அங்கே, பாரிஸில்,
அதே வீச்சில் இன்னோர் ஊசல்;
மருந்தில் நனைத்த தாளில்
மை மறித்த இடமெல்லாம் நீலம் பூக்கும்.
வெள்ளோட்டத்தன்று அப்படித்தான் சொன்னார்கள்.
நான் பாரிஸைப் பார்த்ததில்லை.

அரை மணி கழித்துப் பதில் தட்டியது:
கையொப்பம் சாய்கிறது. வங்கி ஏற்கவில்லை.
அந்த ஊசல் ஒரு நூல் பிந்தியிருக்கிறது;
அதற்குள் அவர் பெயர்
குடித்தவன் போலக் கிழக்கே சரிந்துவிட்டது.

கடிகாரத்தைத் திருத்தினோம். மறுபடி எழுதினார்.
நேராகத்தான் நின்றது. ஆனாலும்
கோப்பில் இருக்கும் முதலெழுத்து முள்ளாம்,
இது வளைந்த கொக்கியாம்,
எழுதியவர் வேறு யாரோவாம்.

வேறு யாரோ.
அதை நான் உரக்க வாசித்திருக்கக் கூடாது.
"சாயப் பட்டறையில் நாற்பது பேர்
சனிக்கிழமைக் கூலிக்கு நிற்கிறார்கள்" என்றார்,
என்னிடம் அல்ல, கம்பியிடம்.
பேனாவைப் பிடுங்கித்
தகரம் குழிய ஒரே இழுப்பு.

பொருந்துகிறது. பணம் தரலாம்.

அப்போதுதான் சிரித்தார்.
"அந்த மாதிரிக் கையெழுத்து
கணவரின் கடனையெல்லாம் என் தலையில் ஏற்றிய அன்று போட்டது.
எதிரே வங்கிக்காரன்
நகம் வெட்டிக்கொண்டிருந்தான்."

போய்விட்டார்.
தகரங்களைத் துடைத்து அடுக்குவது என் வேலை.
மை போயிற்று. மூன்றாவதில் மட்டும்
விரலுக்கு ஒரு பள்ளம் தட்டுப்பட்டது.
முனை அங்கே இடறும் என்று தெரிந்தும்
அதை அடுக்கின் மேலேயே வைத்தேன்.

மறுநாள் ஒரு தானிய வியாபாரி
கோதுமை விலை அனுப்பினார்.
இரண்டு இலக்கங்களுக்கு நடுவே
யாரும் எழுதாத நீலக் கோடு ஒன்று
விழுந்திருக்கிறதே, என்ன அது
என்று பாரிஸ் கேட்டது.

புள்ளியிலும் கோட்டிலும்
இதை எப்படிச் சொல்வது?
பிழை என்று தட்டினேன்.
தகரத்தை மட்டும் மாற்றவில்லை.