கழித்தல் இரண்டு

களியக்காவிளை. சந்தைக்கு மேலே மாடி அறை.
கீழே லாரியிலிருந்து ஏத்தன் குலைகள் இறங்குகின்றன.
மணி ஒன்பது இருபது.
காலையில் நாகர்கோவிலில் வாய்தா.

இந்த மடிக்கணினி யாரையும் நம்பாது,
என்னையும் சேர்த்து.
அதற்காகத்தான் பழையதாகத் தேடி வாங்கினேன்.
அஞ்சலுக்கு ஓர் அறை, வழக்குக்கு ஓர் அறை,
வெளியே பேச வாசலை ஒட்டித் தனியாக ஒன்று.
அண்டி ஆபீஸ் பெண்கள் முப்பத்தொரு பேரின் வாக்குமூலம்
ஜன்னலே இல்லாத உள்ளறையில்.
கையெழுத்துக்குப் பதில் ரேகை வைத்தார்கள்.
கொட்டைப்பால் பட்டு ரேகை எப்போதோ போயிருந்தது;
தாளில் விழுந்ததெல்லாம் வழுவழுப்பான
முப்பத்தொரு நீல வட்டங்கள்.

சாயங்காலம் கர்னலைப் புதுப்பித்தேன். என் புத்தி.
வைஃபை அட்டை இருக்கிறது, ஆனால் எழவில்லை.
பதிவேட்டைத் திறந்தால் கடைசி வரியில்
ஃபர்ம்வேர் ஏற்ற முடியவில்லை,
பிழை: கழித்தல் இரண்டு.

அதற்கு அர்த்தம்
அப்படி ஒன்று இங்கே இல்லை.
போன வாய்தாவில் கம்பெனி வக்கீலும்
அதைத்தான் சொன்னார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே:
"இப்படி யாரும் எங்க பதிவேட்டுல இல்ல."

டிரைவருக்கு அந்தக் கோப்பு வேண்டும்.
கோப்புக்கு நெட் வேண்டும்.
நெட்டுக்கு டிரைவர் வேண்டும்.
தாக்கோல் உள்ளே, நான் வெளியே.

போனில் இறக்கலாம் என்றால்
கட்டிலில் உட்கார்ந்தால் தமிழ்நாட்டு டவர்,
ஜன்னலில் சாய்ந்தால் கேரளம்,
இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை.
இடுப்பை ஜன்னல் கம்பியில் முட்டுக்கொடுத்து
கையை எல்லைக்கு அந்தப் பக்கம் நீட்டி
ஏழாவது தடவையில் இறக்கினேன்.

இறக்கியது அதுதானா?
வழியில் எவனாவது மாற்றியிருந்தால்?
தக்கலையில் ஐவினை எழுப்பினேன். அவன் வேறு கம்பெனி நெட்டில்
அதே கோப்பைத் தனியே இறக்கினான்.
கோப்புக்கும் கைரேகை உண்டு:
அறுபத்துநாலு எழுத்தும் எண்ணும்,
ஒன்று பிசகினாலும் வேறு ஆள்.
நான்கு நான்காக வாசிக்க ஆரம்பித்தோம்.
ஒன்பது, ஏ, நாலு, சி.
ஏழு, ஏழு, எஃப், பூஜ்யம்.

"எந்த சீரியலாக்கும்?"
படிக்கட்டில் பாலையன்.
அந்தப் பக்கம் லாட்டரி விற்றுவிட்டு
இந்தப் பக்கம் உறங்க வருகிறவர்.
பீடிக்கட்டின் காகிதத்தை விரித்து
பேனாவும் கையுமாக நிற்கிறார்.
"கடைசி நாலு மட்டும் சொல்லு பிள்ளே, போதும்."
எல்லாமே ஒக்கணும் அண்ணா, அறுபத்துநாலும்.
"அம்மாடியோ. ஒத்தா என்ன கிட்டும்?"
நெட்டு கிட்டும்.
"அதுக்கா இந்தப் பாடு!"
என்றாலும் போகவில்லை. படியில் உட்கார்ந்தார்.

நாற்பத்து மூன்றாவதில் இடறியது.
பி என்கிறது என் திரை.
டி என்பதாக என் காதில் ஐவின்.
குலைக்காரர்கள் கீழே கத்துகிறார்கள்.
"பாறசாலை பி-யா, டீசல் டி-யா?" என்று கத்தினேன்.
பாறசாலை, என்றான்.
பாலையன்தான் பெருமூச்சு விட்டார்.

பிறகு எல்லாம் சின்ன வேலை.
யூஎஸ்பியில் செருகியதும் நீ யார் என்றது. சொன்னேன்.
கோப்பை அதன் அடைவில் வைத்து
வாசலறையை மட்டும் அணைத்து எழுப்பினேன்.
உள்ளறைகள் எதையும் அறியவில்லை.
பதினொன்று ஐம்பதுக்கு
அல்போன்ஸ் சிப்ஸ் என்று ஒரு பெயர் திரையில் வந்தது,
கீழ்க்கடை வைஃபை. கடவுச்சொல் தந்திருக்கிறார்கள்,
மாதம் நூறு ரூபாய்.

முப்பத்தொரு வட்டங்களும் பூட்டிய உறைக்குள்
சீனியர் வக்கீலுக்குப் போயின.
போய்ச் சேர்ந்தது என்று வந்தபின்னும்
இரண்டு தடவை பார்த்தேன்.

காலை ஆறரை பஸ்.
பல் குச்சியோடு பாலையன் எதிரே வந்தார்.
"அடிச்சுதா?"
அனுப்பியாச்சு, இனி அவங்கதான் சொல்லணும்.
சட்டைப்பையிலிருந்து பீடிக் காகிதத்தை எடுத்துக் காட்டினார்.
எழுத்தையெல்லாம் விட்டுவிட்டு
எண்களை மட்டும் எழுதி வைத்திருந்தார்.