மகளிர் வரிசை

காஷ்மீரி கேட் மெட்ரோவில்
பெண்களைச் சோதிக்கும் திரை இப்போது நீலம்.
அம்மாச்சி காலத்தில் பச்சை.
ஓரம் கிழிந்த இடத்தில் ஒரு ஊக்கு.
அந்த ஊக்கு அவளுடையது.

ஒரு ஷிப்டுக்கு நாலாயிரம் பேர் என்பாள்,
எண்ணிப் பார்த்தவள் மாதிரி.
கையை விரி, திரும்பு, போ.
மூன்றும் இந்தி. மூன்றிலும் விருதுநகர்.
நெஞ்சில் பித்தளைப் பட்டை:
எஸ். மரகதவல்லி, ஹெட் கான்ஸ்டபிள்.
யாரும் படித்ததில்லை.

மெஷின் கத்துவது சாவிக்கும் சில்லறைக்கும்.
மற்றதெல்லாம் கைக்குத்தான் தெரியும்:
இடுப்பில் முடிந்த சம்பளம்,
தோளைத் தொட்டதும் சுருங்கி
உள்ளே இழுத்துக்கொள்ளும் தோல்,
துப்பட்டாவுக்குக் கீழே
யாருக்கும் இன்னும் சொல்லாத ஐந்தாம் மாதம்,
காலையிலிருந்து ஒன்றும் போகாத வயிறு.
"பசிக்கு பீப் அடிக்காதுடீ" என்றாள் ஒருமுறை
வெங்காயம் உரித்துக்கொண்டு.

அவள் டிபன் கேரியர் மூன்று அடுக்கு.
அதில் ஒன்றுதான் அவளுக்கு.

பறிமுதல் பதிவேட்டில் அவள் எழுதாமல் விட்டது
எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்று.
குசும்லதா என்கிற பெண்,
பைக்குள் செய்தித்தாளில் சுற்றிய காய்கறிக் கத்தி.
புதுசு. விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை.
விதிப்படி ஆளையும் பொருளையும்
மேலே ஒப்படைக்க வேண்டும்.
அம்மாச்சி கேட்டது ஒரு கேள்வி:
"அவனுக்கா, உனக்கா?"
விரித்த கையை மடக்க மறந்து
அப்படியே நின்றாளாம் அந்தப் பெண்.

அன்றிரவு மதன்கீரில், எங்கள் ஒற்றை அறையில்,
என் பாயில் படுத்தாள். பதினோரு நாள்.
எனக்கு ஒன்பது வயது.
அவள் தூக்கத்தில் பல்லைக் கடிப்பாள்.
பன்னிரண்டாம் நாள் நர்ஸிங் விடுதிக்கு முன்பணமாகப் போனது
என் பள்ளிக்கென்று அம்மா சேர்த்துவைத்த பணம்.
அந்த வருஷம் நான் அரசுப் பள்ளிக்கு மாறினேன்.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"ஊரு உலகத்தையே தடவிப் பாத்தவ,
பெத்த மகளைத் தொட்டுப் பாத்தாளா?"
அம்மா இன்றும் கேட்கிறாள்,
அதே கத்தியால் வெண்டைக்காய் நறுக்கியபடி.
நல்ல கத்தி. இருபது வருஷமாய்
ஒருமுறைகூடச் சாணை பிடிக்கவில்லை.

சப்தர்ஜங் ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்கு முன்
உடம்பில் உலோகம் இருக்கிறதா என்று நர்ஸ் வந்தபோது
சொல்லாமலே இரு கையையும் விரித்தாள், திரும்பினாள்.
அவளை ஒருவர் சோதித்து அன்றுதான் பார்த்தேன்.
மூக்குத்தி கழலவில்லை. சோப்பு போட்டோம்.
"போகவா?" என்றாள், என்னைப் பார்த்து.

நிகம்போத் கட்டத்திலிருந்து செம்போடு
நிஜாமுதீன் ரயிலைப் பிடிக்க
நான் ஏறியதும் அதே காஷ்மீரி கேட்தான்.
பை எக்ஸ்ரேவுக்குள் போனது. பெல்ட் நின்றது.
திரையில் கருநீலமாய் ஒரு வட்டம்.

"என்ன இது?"
பதில் சொல்லும் முன் பெயர்ப் பட்டையைப் படித்தேன்.
ராஜ்பாலா. இருபத்தைந்து இருக்கும், ஹரியானா பேச்சு.
பாட்டி, என்றேன்.
இங்கேதான் நின்றாள், ஒன்பது வருஷம்.

பின்னால் வரிசை கத்தியது.
யாருக்கோ ஆபீஸ், யாருக்கோ இண்டர்வியூ.
மூடியைத் திறக்கச் சொல்லவில்லை ராஜ்பாலா.
கையுறையைக் கழற்றினாள்.
குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல்
செம்பின் மேல் புறங்கையை வைத்தாள்.
"பைக்குள்ள வைக்காத.
கையில எடுத்துக்கோ."

இரண்டு கையும் செம்பில் இருந்ததால்
திரைக்குள் என்னால் கையை விரிக்க முடியவில்லை.

அப்படியே போ என்றாள்.