பதினோரு கிராம்

சிலிண்டர் கழுத்தில் எழுதியிருக்கும் காலி எடை
பதினைந்து புள்ளி ஒன்பது.
உள்ளே கேஸ் பதினாலு புள்ளி இரண்டு.
கூட்டிப் பார்க்க அந்துவானுக்குக் காகிதம் வேண்டாம்,
இடது தோள் போதும்.
நெல்லித்தோப்பில் லிஃப்ட் இல்லாத மாடிகள்
எத்தனை என்பதும் அதற்குத் தெரியும்.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்த கையோடு
பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் என் கடை வாசலில் நின்றான்.
"தராசுக்காரம்மா, கொஞ்சம் வீட்டுக்கு வரணும்.
எடை குறையுது."

எனக்குப் பிழைப்பே அதுதான்.
வெங்காயத்தில் குறையும், கறியில் குறையும்,
முத்திரை குத்தப் போனால் முகம் கோணும்.
குறைந்ததற்குச் சிரித்த ஆளை
அன்றுதான் பார்த்தேன்.

மாடியறை. கட்டிலைச் செங்குத்தாகச் சுவரில் சாய்த்திருந்தான்.
முனாஃப் ரேடியோஸின் கிழிந்த ஸ்பீக்கர்களில்
பிடுங்கிய வளையக் காந்தங்கள்,
அலுமினிய இட்லித் தட்டில் குழிக்கு ஒன்றாக
எம்-சீல் வைத்து ஒட்டியவை.
அடியில் மிக்ஸி மோட்டார்.
இரும்புச் சட்டம் போட்ட மாதா படம் மட்டும்
கதவுக்கு வெளியே.
ஒருநாள் கிட்டே போய் ஒட்டிக்கொண்டதாம்.

சுவிட்சைப் போட்டான். பல்பு மங்கியது.
தட்டு அலறியது.
என்னிடம் தவணையில் வாங்கிய எலக்ட்ரானிக் தராசில்
சிவப்பு எண்கள் நடுங்கி, இறங்கி, நின்றன.
பதினோரு கிராம் குறைவு.
அவன் தராசைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.
புக்கிங் ரசீதுகளின் முதுகெல்லாம் கணக்கு:
முப்பது கிலோ நூறு கிராம் இல்லாமல் போக
இன்னும் எத்தனை ஸ்பீக்கர் கிழிய வேண்டும்.

"இந்த மெஷினுக்குள் இரும்பு இருக்கு அந்துவான்.
உன் காந்தம் அதோட பேசுது.
தட்டு கிளப்பற காத்து வேற."

"உங்க மெஷின் பொய் சொல்லுமா?"

"சொல்லாது.
யார் இழுத்தாலும் எடைன்னு எழுதிக்கும், அவ்வளவுதான்."

பித்தளைத் தராசை ஃபேன் கொக்கியில் மாட்டினேன்.
மோட்டாரும் தட்டும் ஒருபுறம்,
காத்துக்கு மறைப்பாக டிவி வந்த அட்டைப்பெட்டி,
மறுபுறம் என் படிக்கற்கள்.
ஓடியது. முள் உதறியது, நடுவில் நின்றது.
மூன்று தடவை.
அவனே ரசீதில் எழுதினான்: குறையவில்லை.
தேதி போட்டான்.
என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னான்,
லைசன்ஸ் நம்பரோடு.

கிளம்ப எழுந்தேன்.
"இன்னொண்ணு இருக்கு" என்று
ஏசி மெக்கானிக் விட்டுப்போன செம்புக் குழாயை எடுத்தான்,
இரண்டு முழம்.
கூடவே வெள்ளைக் காந்தம், நெல்லிக்காய் அளவு,
முப்பது கிராம்.

ஒரு தட்டைக் கழற்றி அங்கே குழாயைக் கயிற்றில் தொங்கவிட்டேன்.
எதிர்த் தட்டில் குழாயின் எடை,
அதற்கு மேல் முப்பது.
முள் அந்தப் பக்கமே சாய்ந்து கிடந்தது.
காந்தத்தை மேல் வாயில் விட்டான்.

விழவேண்டியது விழவில்லை. இறங்கியது.
எங்கும் பட்ட சத்தமில்லை.
முள் மெல்ல எழுந்து நடுவில் வந்து நின்றது:
குழாய்க்குள் அந்தரத்தில் இருந்துகொண்டே
தன் எடை மொத்தத்தையும்
குழாயின் மேல் ஏற்றியிருந்தது அது.
ஏழு எண்ணினேன்.
டப்பென்று தலையணையில் விழுந்ததும்
முள் பழையபடி சாய்ந்தது.

இருபத்தாறு வருசம் தராசோடு கிடக்கிறேன்,
இதை நான் பார்த்ததில்லை.
வாயைத் திறந்து சொல்லவில்லை.

அந்துவான் தோளைத் தேய்த்துக்கொண்டான்.
பிறகு முழங்காலை,
போன மழையில் மூன்றாம் மாடிப் படியில்
தையல் வாங்கிய இடத்தை.
"சறுக்கினா இப்படிச் சறுக்கணும், இல்லம்மா?"

கீழே யாரோ கேட்டைத் தட்டி, கேஸ் வந்ததா என்றார்கள்.
ஞாயிற்றுக்கிழமையிலா என்று கத்திவிட்டு
காந்தத்தை மறுபடி குழாய் வாயில் பிடித்தான்.
நான் எண்ணத் தொடங்கினேன்.